ஞானப்பூவின் வேதத்தில் ஒரு சிவப்பு நூல்

ஞானப்பூ போய்விட்டாள்.

சிவகிரியில், நேற்று மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். அவள் மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

ஒரு விரலால் டைப் அடிக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்...

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் டெம்பரரி டீச்சர்கள். காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூம்.

விடிந்ததும் அவள் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பாள். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவாள். பிறகு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி, அடையாளத்துக்குச் சிவப்பு நூலை வைத்து மூடுவாள்.

"ஏட்டி ரோசு, இன்னைக்கு ஆண்டவர் பேசிட்டாருட்டி" என்பாள். பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாக.

எனக்கு வயிறு எரியும். அதே வேதம், அதே அதிகாரம்... நான் வாசித்தால் தூக்கம்தான் வரும்.

ஒரு சாரல் சீசனில் குற்றாலத்துக்குப் போனோம். எல்லோரும் அருவியில் நிற்க, இவள் மட்டும் பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கு விடக்கூடாது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

என்னிடம் வந்தது குரங்கு. மடியில் இருந்த முறுக்குப் பொட்டலத்தோடு போய்விட்டது. ஞானப்பூ கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

அந்த வருஷம் தென்காசியில் ஒரே ஒரு பெர்மனென்ட் வேலை வந்தது. இன்னொருத்தி சிவகிரியில் புதிதாகத் தொடங்கிய ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, ஒரு வாரம் ஜெபம் பண்ணி நீங்களே முடிவெடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே எல்லாமே அப்படித்தான்.

எனக்குத் தென்காசி வேண்டும். அவளுக்கும்தான் வேண்டும். அச்சன்புதூரில் அவள் அம்மா தனியாக இருந்தாள், சனிக்கிழமைதோறும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆறு நாள் நானும் முழங்கால் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது நாள் ஆண்டவர் இவளிடம்தான் பேசுவார், இங்கேயே இரு என்பார், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் வேதத்தில் சங்கீதம் என்ற பகுதியில் இருந்த அந்தச் சிவப்பு நூலை எடுத்தேன். சொந்த ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படச் சொல்லும் இடம் வேதத்தின் தொடக்கத்திலேயே வருமே, அங்கே வைத்து மூடினேன்.

காலையில் வழக்கம் போல வாசித்தாள், ஜெபித்தாள், எழுதினாள். அன்று கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. நான் போர்வைக்குள் தூங்குவது போலப் படுத்திருந்தேன்.

"ரோசு... நான் சிவகிரிக்குப் போறேன்ட்டி. நீ இங்கனயே இரு."

போனாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஓலைக் கொட்டகை மச்சுக் கட்டடமாகும் வரை அங்கேதான் இருந்தாள், ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

எப்போது போன் பண்ணினாலும், இன்றைக்கு என்ன வாசித்தாய் என்றுதான் முதலில் கேட்பாள். வாயில் வந்த ஓர் அதிகாரத்தைச் சொல்லிவைப்பேன். நூல் விஷயத்தைக் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று காலை அவள் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். "பெரியம்மா, இதுல உங்க பேரு இருக்கு" என்று. நான் நூலை மாற்றி வைத்த அந்தப் பக்கம்தான். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனாலும் வாசிக்க முடிந்தது.

"நூலை நகர்த்தியது ரோசு. இன்று ஆண்டவர் அவள் கையால் பேசினார். போகிறேன்."

தெரிந்தேதான் போயிருக்கிறாள்...

என் கையால் பேசியிருக்கிறார். அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்நேரம் நீ அவரோடு நேரிலேயே பேசிக்கொண்டிருப்பாய், ஞானப்பூ. அதற்கும் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

போயிட்டு வாட்டி.