குழலில் பதிந்த கை

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை, கனவும் இல்லை. பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். பல்லிக்குத்தான் பயப்படுவேன். நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்பா ஒரு வங்கியின் வாசல் காவலாளி. ஒரு ஸ்டூல், ஒரு தொப்பி, சொந்தமாக ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட யாரையும் பார்த்து அதை நீட்டியதில்லை. போன வருஷம் ஒருநாள், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து மத்தியானம் வரை யாரும் எழுப்பவில்லை.

அம்மாவை அரித்துத் தின்றது அதுதான்.

"கடைசி நேரத்துல பக்கத்துல யாராச்சும் இருந்திருப்பாங்களா?"

தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பாள். பிறகு சாப்பிடாமலே எழுந்துவிடுவாள். ராத்திரியில் படுப்பதில்லை. வளையல் முழங்கை வரை வழுக்கிப் போகும் அளவுக்கு இளைத்துவிட்டாள். இப்படியே போனால் இவளும் நமக்கில்லை என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்பாவின் வேலையைத் தம்பிக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கி உரிமமும் அவன் பெயருக்கு மாறியது. ஆனால் துப்பாக்கியைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவின் இடது கை பிடித்துப் பிடித்து, அந்த இடத்தில் கறுப்பு மொத்தமும் தேய்ந்து வெள்ளை இரும்பு பல்லிளித்தது. இதைச் சரிசெய்யாமல் வேலைக்கு வராதே என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அடிச்சிரு அக்கா," என்றான் தம்பி.

"உன் மூஞ்சியில அடி," என்றேன்.

பட்டறையில் இரும்புச் சாமான்களுக்குக் கறுப்பு ஏற்றுவதுதான் என் பிழைப்பு. அது பூச்சு வேலை இல்லை. பழைய கறுப்பைச் சுரண்டி எடுத்து, இரும்பைப் பளபளவென்று தேய்த்து, துரு ஏற்றும் மருந்து தடவி, ஈரமான இடத்தில் தொங்கவிட வேண்டும். ராத்திரி முழுக்க மெல்லிய துரு படரும். காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்தத் துரு கறுத்துவிடும். தேய்த்துவிட்டு மறுபடியும் மருந்து. இப்படிப் பல தடவை. ஒரே ஒரு கட்டுப்பாடு, வெறுங்கை படக்கூடாது. விரலின் பிசுக்கு பட்ட இடத்தில் துரு ஏறாது. தொட்டவர் கை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் ஈரமான இடம் குளியலறைதான். கையுறை போட்டுக்கொண்டு குழலைக் கழற்றித் தேய்த்து மருந்து தடவினேன். இரண்டு முனையிலும் மரத்தக்கை செருகிக் கம்பியில் தொங்கவிட்டேன். கீழே ஒரு வாளி வெந்நீர். கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை. குழல் முழுக்கச் செந்துரு படர்ந்திருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அப்பா பிடிக்கிற இடம்.

எல்லா இடத்தையும் ஒரே மாதிரிதான் தேய்த்திருந்தேன். சரியாகத் துடைக்கவில்லை போல என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி தடவினேன்.

இரண்டாம் நாள். அதே இடம் அதே வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்கு நடுவில் செந்துருவில் இன்னொன்றும் இருந்தது. ஒரு கை. நாலு விரல், ஒரு கட்டைவிரல். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சின்னது.

"யாருடா கை வச்சது?"

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

உண்மைதான். அதோடு, எங்கள் வீட்டில் குழந்தைகளும் கிடையாது.

மூன்றாம் நாள் விடியலில் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். ஐந்து மணி பத்து நிமிடம்.

பளக்…

வாளித் தண்ணீரில் யாரோ கையை விட்டு எடுப்பது போல.

சொட்… சொட்… சொட்…

குழாயை நான்தான் இறுக மூடியிருந்தேன். சாவியை எடுத்துப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

வாளித் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

குழல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சின்னக் கையின் தடத்திலிருந்து… தண்ணீர் வழிந்தது.

என் தோளுக்குப் பின்னால் மூச்சு. கத்திவிட்டேன். திரும்பினால் அம்மா!

அவள் கத்தவில்லை. குழலையே பார்த்தாள். நான் தடுப்பதற்குள் அந்தத் தடத்தின்மேல் தன் வெறுங்கையை வைத்தாள்.

"உனக்கு மேல ஒருத்தி இருந்தா," என்றாள். "நாலு வயசு. அவளப் பத்திப் பேசினா உங்கப்பா தாங்கமாட்டாரு. அதான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல."

வீட்டில் மூத்தவள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எப்படிப் போனாள் என்று கேட்டேன். அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம்கூடத் தெரியாத ஓர் அக்காவுக்காக எனக்கு அப்படி ஓர் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற இடமெல்லாம் நல்ல கறுப்பு ஏறியதும் எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, டிசைனா?" என்றாராம். தம்பி ஆமாம் என்று தலையாட்டிவிட்டான்.

ஒரு வாரம் கழித்து, அப்பா அங்கே விட்டிருந்த சாமான்களை எடுத்துவர வங்கிக்குப் போனேன். தரை துடைக்கிற அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாப்பா எப்படிம்மா இருக்கு?"

"எந்தப் பாப்பா?"

"உங்கப்பா போன அன்னைக்குக் கூடவே நின்னுச்சே. துப்பாக்கிய அவர் பிடிச்சிருக்காரு, அவர் கை மேல தன் கைய வச்சுக்கிட்டு நிக்குது. காலையிலிருந்து நகரவே இல்ல. பேத்தி போலன்னு நெனச்சேன்."

எடுத்த சாமான்களைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான்தான் பாவம் அதைத் திட்டிட்டேன். அது நின்ன எடம் பூரா தண்ணி. துடைக்கத் துடைக்க ஈரம். பாவாடையிலிருந்து சொட்டுது… வெளிய மழையே இல்ல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நனைஞ்சிருந்தாளா?"

"ஆமாம்மா."

அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள்.

"வீட்டுப் பின்பக்கம் பெரிய தண்ணித் தொட்டி இருந்துச்சு, அதுல விழுந்துட்டா. உங்கப்பாதான் குதிச்சாரு. உள்ளுக்குள்ள தேடித் தேடி… அவ கை கிடைக்கவே இல்லையாம். கிடைச்சப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு. 'அவ கைய நான் பிடிச்சிருந்தா'ன்னு எத்தனையோ வருஷம் தூக்கத்துல புலம்புவாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ பிடிச்சுக்கிட்டா பாத்தியா."

அன்று அம்மா தானே தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குறட்டை கேட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.