ஆயாக்கொட்டகையில் முடியாத கதை

காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரில் பேருந்து ஏறினேன். மலாக்கா சென்ட்ரல்வரை பதினைந்து ரிங்கிட். அங்கிருந்து லூபோக் சீனாவுக்கு நாற்பது கிலோமீட்டர், வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் நம்மவர்.

"எந்த எஸ்டேட்டுண்ணே?"

சொன்னேன்.

"அங்க என்ன இருக்கு? லயத்து வீடுங்கள இடிச்சு எத்தன வருசமாச்சு. எல்லாம் செம்பனைத் தோட்டந்தான்லா."

"தெரியும் தம்பி. கதை கேக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கதை இதுதான். அம்மாக்கள் விடியுமுன் ரப்பர் பால்மரம் சீவப் போகும்போது எங்களை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். எஸ்டேட் சம்பளத்துக்குப் பிள்ளை பார்த்த ஆயா, காணாமல்போன ஆட்டைத் தேடிக் கோலா சுங்கை பாரு கடற்கரைக்கு நடந்துபோகும் குள்ளன் கதையைச் சொல்வார். வெளியே அம்மாக்கள் திரும்பிவரும் பால்வாளிச் சத்தம் கேட்டதும் கதை நின்றுவிடும், பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசிவரை குள்ளன் நடந்துகொண்டே இருந்தான். எனக்கு இன்றும் அந்தக் கொட்டகையின் வெந்த கஞ்சி வாசனை வேண்டும்போல் இருக்கிறது.

பதினொன்றரை மணிக்கு லூபோக் சீனாவில் கணேசன் வீட்டில் இறங்கினேன். கொட்டகையில் என் பக்கத்துத் தொட்டில்காரன், இப்போது அலோர் காஜாவில் குமாஸ்தா. எங்களில் ஒவ்வொருவருக்கும் நினைவிருந்த கதைத் துண்டுகளைப் போனில் கேட்டு வாங்கி, ஏஐயிடம் கொடுத்துப் படமாக்கி வைத்திருந்தான். மறுநாள் கோயில் திருவிழாவில் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறான். ரெம்பியாவில் பள்ளிக் கேன்டீன் நடத்தும் லெட்சுமியும் வந்திருந்தாள். அவளும் எங்கள் கொட்டகைக்காரிதான்.

படம் ஓடியது. ஏஐக்குக் கை தாராளம். கோலா சுங்கை பாருவில் ஓர் அரண்மனையையே எழுப்பிவிட்டது! மீன்பிடிப் படகு ஒன்றுகூட இல்லை. நான் கிண்டலடித்தேன், கணேசன் முறைத்தான். கடைசியில் ஆடு கிடைத்தது, குள்ளன் ராஜாவானான்.

"முடிவு இது இல்ல," என்றாள் லெட்சுமி.

கணேசன் சிரித்தான். "யாருக்கு லெட்சுமி முடிவு தெரியும்? நம்ம யாருமே கேட்டதில்லயே. அதான் ஏஐயவே முடிக்கச் சொல்லிட்டேன்."

"நான் கேட்டிருக்கேன். லாரி கவுந்த அன்னிக்கு."

எங்கள் சிரிப்பு நின்றது. வேலைக்காட்டிலிருந்து பெண்களை ஏற்றிவந்த லாரி பள்ளத்தில் கவிழ்ந்த நாள் அது. என் அம்மா சேறும் ரத்தமுமாக வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போனபின் லெட்சுமி மட்டும் இருந்தாள். அவள் அம்மா வரவே இல்லை. இருட்டும்வரை ஆயாவால் கதையை நிறுத்த முடிந்திருக்காது, முடிவுவரை சொல்லியிருப்பார்.

"அந்த முடிவச் சொல்லு, போட்டுரலாம்," என்றான் கணேசன் மெதுவாக.

"வேணாம். அது எந்தப் பிள்ளைக்கும் வேணாம்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராஜாவ எடுத்துரு. குள்ளன் நடந்துகிட்டே இருக்கட்டும். வாளிச் சத்தம் கேக்கணும். அம்மாங்க வந்து கூப்பிடணும். எல்லார் பேரும் வரணும்."

மதியச் சோற்றைக்கூட மறந்து கணேசன் தட்டச்சு செய்தான். வாளிச் சத்தம் முதலில் கோயில் மணிபோல் ஒலித்தது. "தகரம்டா, தகரம்!" என்று நான் கத்திக் கத்தித்தான் வழிக்கு வந்தது.

நான்கு மணிக்குத் திரும்பும் கார் வாசலில் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு நின்றபடியே திருத்திய படத்தைப் பார்த்தேன். குள்ளன் மணலில் கால் வைக்கிறான், கதை பாதியில் அறுகிறது, வாளிகள் மோதுகின்றன. பெண் குரல் ஒன்று கணேசனைக் கூப்பிட்டது, என்னைக் கூப்பிட்டது. என் பெயரைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னது, என் அம்மா அப்படிச் சொல்லமாட்டாள். ஆனாலும் பையைக் கீழே வைத்தேன். கடைசியாக, "லெட்சுமி, வா, வீட்டுக்குப் போலாம்," என்றது.

"வரேம்மா," என்றாள் லெட்சுமி.