வெந்நீரில் கழுவிய சதை

அப்துல் கஃபாரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை.

மயிலாப்பூரில் மசூதிக்குப் பின்சந்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பீர் முஹம்மது கறிக்கடைக்காரர். காலையில் அறுத்ததை மத்தியானத்துக்குமேல் விற்கமாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும். எங்கள் வைத்தியக் கல்லூரி ஹாஸ்டலுக்கு அவர் கடைக் கறிதான். அந்தப் பேரை நம்பித்தான் 1924-ல் மகனை எங்கள் பரிசோதனைச்சாலைக்கு அட்டெண்டராக எடுத்தார்கள். நான் அங்கே டைப் அடிக்கும் குமாஸ்தா, சுப்பராமன்.

அப்பா கடையிலிருந்து ஆட்டின் இதயத்தை அறுத்த சூட்டோடு கொண்டுவந்து, கூழாக அரைத்து, ஐஸ் தண்ணீரில் மூன்று தடவை அலசித் தருவது கஃபாரின் வேலை. அந்தச் சதையோடு ஓர் உப்பையும் நீலச் சாயத்தையும் கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உடம்புச் சூடுள்ள தண்ணீரில் வைத்தால் கால் மணியில் நீலம் மறைந்துவிடும். சதைக்குள் இருக்கும் என்சைம் ஒன்று உப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிச் சாயத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் தின்ற சோறு சக்தியாவதும் இந்தமாதிரிப் பிடுங்கல்களால்தானாம். சக்சினிக் டீஹைட்ரஜினேஸ் என்று அதற்குப் பெயர். பி.ஏ. படித்தவர்களே பல்லை உடைத்துக்கொள்ளும் அந்தப் பெயரை கஃபார் வெற்றிலை மென்றபடி சொல்வார்.

“ஆடுதான் செத்துப்போச்சு ஐயரே. கறி இன்னும் மூச்சு வாங்கிக்கினுதான் கீது,” என்பார்.

பத்து வருஷம் கழிந்தும் அவருடைய வேலை நிரந்தரமாகவில்லை. 1934 மே மாதம் ஆகவேண்டியது. அதற்கு லெக்சரர் ஸ்ரீரங்கன் சிபாரிசு எழுத வேண்டும்.

ஸ்ரீரங்கன் ஒரு கலைச்சொல் கமிட்டிக்குக் காரியதரிசியும்கூட. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் பதினோரு பெரிய மனிதர்கள் கூடி வைத்தியச் சொற்களைத் தமிழாக்கினார்கள். என்சைமுக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒருவர் ‘ஜீவகிரியா ஊக்கி’ என்பார். மற்றவர் வடமொழி வாடை என்று முகத்தைச் சுளிப்பார். என்சைம் செய்யும் வேலையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கடைசியில், நேரில் பார்த்துவிட்டே பெயர் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஃபார் சதையைத் தகர டப்பாவில் அடைத்து, ஐஸில் புதைத்து எடுத்துவந்தார். குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். மூடியைத் திறந்ததும் ஸ்ரீரங்கன் வாசனை போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“என்னடா இது, கவுச்சி குடலைப் பிடுங்கறது! பெரியவாள்ளாம் மூக்கைப் பிடிச்சுண்டா உக்காருவா? வெந்நீர்ல ஒரு தரம் அலம்பு.”

“வெந்நீ பட்டா செத்துப்பூடும் சார்.”

“செத்த மாம்சம் இன்னொரு தரம் எப்படிடா சாகும்?”

சூடு பட்டால் என்சைம் கெட்டுவிடும் என்று வருஷம் தவறாமல் பாடம் நடத்துகிற மனுஷன்! கவுச்சி மூக்கில் ஏறியதும் பாடமெல்லாம் பறந்துவிட்டது. கஃபார் கையை அசைக்கவில்லை என்றதும், கமிட்டியின் காபிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைச் சொம்பில் மொண்டு, டப்பாவில் சொம்பு பட்டுத் தீட்டாகிவிடாமல் ஒரு முழ உயரத்திலிருந்து தூக்கி ஊற்றினார். சிவந்த சதை சாம்பல் நிறமாயிற்று. கஃபார் என்னைப் பார்த்தார். நான் என் காபி டம்ளரைப் பார்த்தேன்.

அந்தச் சதையையே குழாயில் போட்டு வைத்து அரை மணி ஆயிற்று. குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. கமிட்டியிலிருந்த வக்கீல் ஒருவர் சிரித்தார்.

“அட்டெண்டர் பழைய மாம்சத்தைக் கொண்டுவந்துட்டான்,” என்றார் ஸ்ரீரங்கன், கொஞ்சமும் கூசாமல். பதினோரு தலைகளும் ஆடின. சீ! பெரியவர்களாம். அவர்களைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கன் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் டைப் அடித்தேன். கஃபாரிடம் கையெழுத்து வாங்கும்படி சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

“இன்னா போட்டுக்கீது, தமிழ்ல சொல்லு ஐயரே.”

சொன்னேன். கெட்டுப்போன பழைய கறியைக் கொண்டுவந்ததால் வேலையிலிருந்து நீக்கம்.

கஃபார் என் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

“வேலை போனா போவட்டும். பழைய கறின்னு மட்டும் போடாதே. எங்க அத்தா அந்தக் கடைய நம்பித்தான் கீறாரு. திருடினேன்னு போடு. குடிச்சிட்டு வந்தேன்னு போடு. கையெழுத்து போடறேன்.”

ஐந்து வேளை தொழுகிற மனிதர், குடித்தேன் என்று எழுதச் சொல்லி என்னைக் கெஞ்சினார்.

மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். காகிதத்தை உருவிவிட்டு வேறொன்றைச் சொருகப் பெரிய அதிகாரம் வேண்டியதில்லை. தைரியம் வேண்டும், அது என்னிடம் இல்லை. அவர் கையெழுத்துப் போடாமல் இறங்கிப் போனார். ‘கையெழுத்திட மறுத்தார்’ என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

கறி பற்றிய புகாரானதால் வழக்கப்படி ஒரு நகல் ஹாஸ்டலுக்கும் போயிற்று. மறுவாரமே பீர் முஹம்மது கடைக் கறியை அங்கே நிறுத்திவிட்டார்கள். அந்த நகலை உறையில் போட்டு ஒட்டி, மேலே விலாசம் எழுதியவன் நான்.