ஒரே இடத்தில் குத்திய ஊசி

எழுபதுகளில் நாங்கள் கரமனையில் குடியிருந்தபோது என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயதுதான். கடுகையும் மிளகையும் விரலால் தடவிப் பார்த்துத் தாளிக்கிற நிலைமை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணினா பார்வை வந்துடும். ஆனா சர்க்கரை இறங்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சர்க்கரை எங்கே இறங்கிற்று! தினம் காலையில் டெஸ்ட் ட்யூபில் நீல மருந்தை ஊற்றி, அவள் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் தப்பித்தோம். பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் தினமும் செங்கல்தான். சேர்த்து வைத்திருந்தால் மாடியே எடுத்திருக்கலாம்.

இன்சுலின் இருபது யூனிட்டில் ஆரம்பித்து, நாற்பதாகி, அறுபதில் வந்து நின்றது. "இந்தக் குத்தலுக்குப் பதிலா கஷாயம் மாதிரி குடிச்சுடப்படாதா?" என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள். "குடிச்சா வயிறு அதைப் பருப்பு மாதிரி ஜீரணிச்சுடும். தோலுக்கடியில போனாத்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும்" என்றார் சர்க்கரை டாக்டர். சரி, வழி ஊசிதான்.

அதிலும் ஒரு சிக்கல். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஊசி போட வேண்டும். அந்த நேரத்தில் அவள் குளித்து, மடிப்புடவை கட்டி, அடுப்படியில் நிற்பாள். பூஜைக்கு நைவேத்தியம் ஆகிறவரை குளிக்காத நான் அவளைத் தொடப்படாது. அவளுக்கு அளவுக்கோடு தெரியாததால் ஊசியில் மருந்தை நான் ஏற்றி, தட்டில் வைத்துத் தரையில் நகர்த்துவேன். "மருந்துக்கு விழுப்பு கிடையாது. உங்க கைக்குத்தான் உண்டு" என்பாள். மடிசாரைக் கொஞ்சம் விலக்கி, வலது தொடையில் கைக்கு வாகான அந்த ஒரே இடத்தில் குத்திக்கொள்வாள். "இப்பல்லாம் வலிக்கவே இல்லை" என்று பெருமை வேறு!

மருந்து ஏற ஏறச் சர்க்கரையும் ஏறினால் மனுஷன் என்ன நினைப்பான்? திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கோயிலிலிருந்து அவள் திரும்பி வந்ததும் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். பாயசம் மணக்கிறதா என்று! அவள் கையை விடுவித்துக்கொண்டு, மங்கின கண்ணால் என் முகம் இருக்கிற திசையைப் பார்த்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் சர்க்கரை டாக்டர், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்றார். முதல்நாள் காலை நர்ஸ் வந்து, அதே அறுபது யூனிட்டைக் கையில் போட்டுவிட்டுப் போனாள். சாப்பாடும் வந்தது, சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெப்பமாக வியர்த்து, கைகால் வெடவெடவென்று நடுங்கி, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. ஐயோ, போய்விட்டாள் என்றே நினைத்தேன். நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "ஏன்னா, ஏன் கத்தறேள்?" என்றாள்.

டாக்டர் யோசித்தார். அதே மருந்து, அதே அளவு. "வீட்டில் எங்கே குத்தறது?" அவள் கூச்சத்தோடு தொடையைக் காட்ட, நர்ஸ் அமுக்கிப் பார்த்து, "எண்டம்மே! இவிடே கட்டியாயிட்டு இரிக்குந்நல்லோ, சாரே!" என்று மலையாளத்தில் அலறினாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தடிப்பு. ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை தடித்துவிட்டது, போட்ட மருந்து அதிலேயே தங்கி, இஷ்டப்பட்டபோதுதான் ரத்தத்துக்குப் போகும், வலிக்காததும் அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். கை நல்ல சதை. அறுபதும் ஒழுங்காக உள்ளே போய்ச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டது.

அப்பாடா! நோய் முற்றவில்லை. அவள் எதையும் தின்னவில்லை. இடம்தான் தப்பு! எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. நர்ஸ் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், "தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோடி" என்றேன். "இங்கே மடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலைத் தொட்டே கேக்கலாம்" என்றாள். நர்ஸுக்குத் தமிழ் புரிந்துவிட்டது ஆக்கும், விழுந்து விழுந்து சிரித்தாள்.

டாக்டர் அளவைப் பாதிக்குமேல் குறைத்தார். கை, வயிறு, இடது தொடை என்று தினம் இடம் மாற்றச் சொன்னார். கையில் போடுகிற நாளில் ஆள் வேண்டுமே? ஏழு மணிக்குமுன் எழுந்தறியாத நான், விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்து, மடிவேஷ்டி கட்டி, பல் கிடுகிடுக்க ஊசியோடு நின்றேன். "இந்த ஜன்மத்தில் பார்க்கக் கிடைக்காத காட்சி. நேக்குத்தான் கண் தெரியலை" என்று பரிகாசம் பண்ணினாள்.

மூன்றாவது வாரம் ட்யூப் நீலமாகவே நின்றது. இன்னும் காய்ச்சினேன். அப்போதும் நீலம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி, யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.

ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்து, புண் ஆறி, ஒருநாள் கண் டாக்டர் சோடாபுட்டிக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். அவள் சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்னா, அழறேளா?"

"சேச்சே, இல்லையே."

"பொய் சொல்லாதேங்கோ. நேக்கு இப்போ நன்னாத் தெரியறது."