வெள்ளி விழா மலரில் அம்மா இல்லை

அம்மாவின் பெயர் உதயா. எங்கள் தீவில், டாலிகஞ்சில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பக்கம் வடிவமைத்தாள். கல்யாணப் பத்திரிகை, பூஜை நோட்டீஸ், தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும். வங்காளம் படிக்கத் தெரியாது. எழுத்தின் உருவம் பார்த்தே பிழை பிடிப்பாள்.

அவள் இறந்த ஒன்பதாம் நாள், அம்மா வீட்டில் கிடந்த அச்சகத்தின் வெள்ளி விழா மலரைப் புரட்டினேன். ஊழியர் படத்தில் அவள் இல்லை. கீழே பெயரும் இல்லை. வலது ஓரத்தில், பைண்டிங் செய்யும் ஷரீபாவின் தோளில் நான்கு விரல்கள் மட்டும். அவை அம்மாவுடையவை.

அவள் வேறு அச்சகத்துக்குப் போகப் பார்த்ததில் முதலாளி ஜாஹிர் பாய்க்குக் கோபம் இருந்தது. அவர்தான் அம்மாவைப் படத்திலிருந்து நீக்கியிருப்பார். அப்படியென்றால் பதினாறாம் நாள் காரிய அட்டையை அங்கே அடிக்க மாட்டேன். நேரில் போய்க் கேட்டேன்.

"அம்மாவை ஏன் வெட்டினீங்க?"

"நானா? அரே பேட்டா சங்கவி, எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ண மட்டும்தான் தெரியும். 'மவுஸைத் தொடாதீங்க பாய், பக்கமே ஓடிடும்'னு உங்கம்மா விரட்டுவாங்க."

நான் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மலரின் கோப்பைத் திறந்தேன்.

பக்கத்தில் படம் ஒரு சட்டத்துக்குள் இருக்கும். சட்டத்தைச் சுருக்கினால் மிச்சம் மறையும், அழியாது. வலது விளிம்பை இழுத்தேன். அம்மா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பெயர்ப் பெட்டியைக் கீழே இழுத்தேன். கடைசி வரியில் உதயா.

சுருக்கியது யார்? நான் இழுக்கும்முன், சுருக்கிய சட்டம் பக்க விளிம்பைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டர் நீண்டிருந்தது. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க மற்றவர்கள் மூன்றுதான் விடுவார்கள். கட்டிங் மெஷின் பழசு, தாள் நகரும் என்று அம்மா மட்டும் ஐந்து விடுவாள்.

"அவங்களேதான்," என்றார் பாய். "'மலரை மெயின்லேண்டுக்கு அனுப்பணும், முகத்தைப் பார்த்தா சங்கவி கண்டுபிடிச்சிடுவா'ன்னாங்க. எவ்வளவோ சொன்னேன், மானே நஹி, கேக்கவே இல்ல."

மலர் சென்னையில் என் வீட்டுக்கு வந்திருந்தது. நான் கவரைப் பிரிக்கவே இல்லை.

"வியாதி உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஹோலிக்கு முன்னாடி."

அம்மா எனக்குச் சொன்னது எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்குப் பிறகு.

அட்டையை அங்கேயே அடிக்கக் கொடுத்தேன். அதே படம், சட்டத்தை அவள் முகம் தெரியும் அளவுக்கு விரித்து. அவள் வியாதி வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். ஜாஹிர் பாய் எழுந்து தாள் எண்ணப் போனார். பைண்டிங் மேசையில் ஷரீபா தலை நிமிரவில்லை.