டொரத்தி ஓட்டிய டயாலிசிஸ் வேன்

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை எட்டரைக்கு டொரத்தியின் வேன் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பெக்கான் நானாஸ் ஊர்க் கடைத்தெருவில் நிற்கும். பத்து மணிக்குள் ஆட்களைப் பொந்தியான் டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கிவிடுவாள். முதல் ஆறு வருடத்தில் அவள் தவறவிட்டது இரண்டே நாள். ஒன்று, அவள் தம்பி வாலண்டைன் இறந்த நாள்; மற்றது அவனை அடக்கம் செய்த நாள்.

அந்தத் தம்பிக்காகத்தான் வேன் வந்தது. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த டொரத்தியை ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினார்கள். அப்போது கையில் கிடைத்ததைக் கொண்டு பழைய வேன் ஒன்றை வாங்கினாள். பின்சீட்டைக் கழற்றி, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்பலகை பொருத்தினாள். தம்பி மட்டும் போகிற வேனில் இடம் இருந்ததால், அதே நிலையத்துக்குப் போகிற மற்றவர்களும் ஏறிக்கொண்டார்கள். இடது கால் எடுத்த செல்லம் அக்கா, லாரி ஓட்டி ஓய்ந்த ஐயாசாமி, மளிகைக்கடை ஆ செங், கண் மங்கிப்போன பாக் மாட். வாலண்டைன் போய்ச் சேர்ந்த பிறகும் இவர்களுக்குச் சிறுநீரகம் முளைத்துவிடவில்லையே. டொரத்தி ஓட்டிக்கொண்டே இருந்தாள். பெட்ரோலுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். கொடுக்க முடியாத வாரம் கேட்கமாட்டாள்.

ஒரு புதன்கிழமை, பொந்தியானுக்குப் பாதி வழியில், சோதனைக்கு நின்ற சாலைப் போக்குவரத்து அதிகாரிகள் வேனைக் கைகாட்டி நிறுத்தினார்கள். இளம் அதிகாரி ஒருவர் கதவைத் திறந்து, பக்கத்திலிருந்த செல்லத்திடம் மரியாதையாகத்தான், அத்தை என்று மலாயில் விளித்துக் கேட்டார்: "மக்சிக், வண்டிக்குக் காசு கொடுக்கிறீங்களா?"

செல்லம் பொய் சொல்லிப் பழகாதவர். "கொடுக்கறோம் தம்பி, பெட்ரோலுக்கு" என்றார்.

அவ்வளவுதான். உரிமம் இல்லாமல் கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டியை அந்தப் பக்கத்தில் கெரெத்தா சாப்பு என்பார்கள். அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னபோது டொரத்திக்குக் காது மடல் சுட்டது. பேருந்து நிலையத்தில் நின்று கூவி ஆள் பிடிக்கிறவர்களும் அவளும் ஒன்றா?

"நான் உரிமம் எடுக்க மாட்டேன்னு சொல்லல. எந்த உரிமம்னு சொல்லுங்க, எடுக்கறேன்" என்றாள். அது தன் வேலை இல்லை, அலுவலகத்தில் கேளுங்கள் என்றார் அவர்.

வேனைப் பறிமுதல் செய்து இழுத்துப் போனார்கள். சக்கர நாற்காலியோடு செல்லம், கைத்தடியோடு பாக் மாட், மற்ற இருவர், நாலு பேரும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வெயிலில் நின்றார்கள். டொரத்தி போனில் கூப்பிட்ட டாக்சி ஒரு மணி நேரம் கழித்து வந்தது. ஓட்டுநர் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். மற்ற மூவரும் போனார்கள். செல்லம் அன்றைக்கு டயாலிசிஸ் செய்யவில்லை.

"நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று செல்லம் அழுதார்.

"நீங்க உண்மையச் சொன்னீங்க அக்கா. உண்மையச் சொன்னதுக்கா இங்க நிக்கறோம்?" என்று டொரத்தி கத்திவிட்டாள். செல்லம் மீது அவளுக்கு வருத்தமே இல்லை. ஆனால் கத்துவதற்கு வேறு யாரும் அங்கே இல்லை.

மறுவாரம் ஜொகூர் பாருவிலிருந்த போக்குவரத்து உரிம அலுவலகத்துக்குப் போனாள். எண் சீட்டு எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் முகப்பிலிருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "எந்த வகை?" என்பது. பாரத்தில் கட்டங்கள் இருந்தன. டாக்சி, பள்ளி வேன், தொழிற்சாலைப் பேருந்து, சுற்றுலா வண்டி.

"டயாலிசிஸ்" என்றாள் டொரத்தி.

"அப்படி ஒரு வகை இல்லையே அக்கா."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இருக்கு, சுற்றுலாக்காரங்களுக்கு இருக்கு. சீக்காளிக்கு இல்லயா?"

அந்தப் பெண் பாவமாகப் பார்த்தாள். ஆம்புலன்சுக்கு வேறு இடம் என்றாள். வேறு இடத்தில், படுக்கையும் பிராணவாயுவும் இல்லாத வண்டி ஆம்புலன்ஸ் ஆகாது என்றார்கள். இன்னொரு முகப்பில், செயலி வழியாக அழைக்கும் வாடகை வண்டியாகப் பதியலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். டொரத்தி அதையும் விடவில்லை. பயணிகளை ஏற்றும் ஓட்டுநருக்கான பயிற்சிக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாள். மருத்துவர் அவள் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் அட்டை கையில் வந்தது. ஐம்பத்து நாலு வயதில் ஓட்டுநர் பாஸ்! ஆனால் வேன் தேறவில்லை. வாடகைக்கு ஓட அதற்கு வயது கூடிவிட்டதாம். சாய்பலகைக்கும் முன் அனுமதி இல்லையாம். அது மட்டுமில்லை, செயலி வழி ஓடினால் நாலு வீட்டில் நாலு பேரை ஒரே நடையில் ஏற்ற முடியாது என்றும் சொன்னார்கள். பாக் மாட்டின் கைபேசியில் பெரிய பொத்தான்கள் மட்டும்தான் இருக்கின்றன என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

வேன் பிடிபட்டு நாற்பத்தொரு நாள் கழித்து, வழக்குப் போடாமல் எச்சரித்து வேனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டரி செத்திருந்தது, ஒரு டயரில் காற்றில்லை. அந்த நாற்பத்தொரு நாளில் யார் யாரோ உதவினார்கள். பாக் மாட்டை மருமகன் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். ஐயாசாமிக்கு இரண்டு முறை வண்டி கிடைக்கவில்லை. மூன்றாம் முறைக்குள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போன டொரத்தியிடம், "சட்டம்னா சட்டம்தானே மா, என்னா பண்றது" என்றார்.

"சட்டத்த நான் குறை சொல்லல அண்ணே. கண்டவனும் ஆள் ஏத்தக்கூடாது, சரி. ஆனா பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வழி சொல்லத் தெரிய வேண்டாமா?"

அன்று மருத்துவமனையிலிருந்து நேராக டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனாள். அதை நடத்துகிற தொண்டு சங்கத்தின் செயலாளர் ஹேமநாதன். வேன் பிடிபட்ட அன்றே, "நாங்க இதுல தலையிட முடியாது லா, சங்கத்துக்குப் பேர் கெட்டுடும்" என்று ஒதுங்கிக்கொண்டவர். டொரத்தி அவர் மேசையில் வண்டியின் உரிமைப் பத்திரத்தை வைத்தாள்.

"வேன சங்கத்துப் பேருக்கு மாத்திக்குங்க சார். சொந்த வண்டி, சொந்த நோயாளிங்க, இனி யார்கிட்டயும் காசு வாங்க வேணாம். அப்ப கூலி வண்டி இல்லன்னு ஒரு ஆபீசர் சொன்னாரு."

"வேன சும்மா கொடுக்கறீங்களா?" ஹேமநாதனால் நம்ப முடியவில்லை.

"சும்மா இல்ல. ஓட்டறது நான்தான். எழுதிக் கொடுங்க. பெட்ரோல் சங்கம் போடணும். முடியாதுன்னா சொல்லுங்க, ஐயாசாமி அண்ணன் படுத்திருக்கிற வார்டு நம்பர் தரேன், நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஹேமநாதன் செயற்குழுவைக் கூட்டினார். பெயர் மாற்றம், சாய்பலகைக்கு அனுமதி, காப்புறுதி, மறுபடி பரிசோதனை என்று நாலு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை வேன் மறுபடி பெக்கான் நானாஸ் கடைத்தெருவில் நின்றது. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே சாலை. மாறியது பத்திரத்தில் இருந்த பெயர் ஒன்றுதான். ஐயாசாமி மட்டும் ஏறவில்லை. அவரை மகள் தன்னோடு ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

ஊர்க்காரர்கள் டொரத்தியை வாழ்த்தினார்கள், ஜெயித்துவிட்டாய் என்றார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தன் உழைப்பில் வாங்கிய வண்டியை எழுதிக் கொடுத்த பிறகுதான் அதே வேலையைச் செய்ய விட்டார்கள் என்றே நினைத்தாள். சங்கம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

அந்தக் கேள்வியும் ஒரு நாள் வந்தது. டொரத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டு, கோத்தா திங்கி ஊரிலிருந்து ஷாமளா என்று ஒரு பெண் போன் செய்தாள். கணவரையும் பக்கத்து வீட்டு இரண்டு பேரையும் தன் காரில் டயாலிசிசுக்குக் கூட்டிப்போகிறாளாம். பயமாக இருக்கிறது, எந்த உரிமம் எடுக்க வேண்டும், சொல்லுங்கள் அக்கா என்றாள்.

"இவ்வளவு அலைஞ்சும் எனக்கே தெரியாதும்மா" என்றாள் டொரத்தி. பிறகு, "நாளைக்கு எனக்கு ஓட்டம் இல்ல. ஜொகூர் பாருவுக்கு வந்துருங்க, அந்த உரிம ஆபீசுக்குச் சேர்ந்து போலாம். இந்தத் தடவ எழுத்துல பதில் வாங்காம நான் நகர மாட்டேன்."