பெரியம்மாளின் சிவப்பு மரவள்ளி

ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே, "இன்னாடி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்குற? வெயிலு ஒனக்கு மட்டுமா அடிக்குது?" என்று கேட்கிறார் பெரியம்மாள். வெள்ளிமலைக்குப் போகும் சாலை வளைவில் அவர் நடத்தும் நர்சரியில் எல்லாச் செடிக்கும் தினம் ஒரு வசவு உண்டு. எந்தச் செடியும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

குரோட்டன்ஸ், மல்லி, செம்பருத்தி எதைக் கேட்டாலும் சிரித்த முகமாக எடுத்துத் தருவார். பலா மர நிழலில், சிமென்ட் தொட்டியில் நிற்கும் ஜப்பான் மேப்பிள் மரத்தை மட்டும் விலை கேட்கக் கூடாது. ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் அதன் இலைச் சிவப்பைக் கண்டு சொக்கிப்போய், வாங்கி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் மலையேறியவர் அவர். சோதனை என்னவென்றால், இலை அச்சு அசல் மரவள்ளி இலை. மரவள்ளி விளையும் மலையில் ஓர் அழகுச் செடிக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? "கெழங்கு எப்பங்க புடுங்குவீங்க?" என்று ஜீப்காரர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மார்கழிக் குளிரில் மேப்பிள் இலையெல்லாம் உதிர்த்தது. அது அதன் வழக்கம் என்று பெரியம்மாளுக்குத் தெரியும். கணவர் வெள்ளையனுக்குத் தெரியாது. மனைவி மகளைப் பார்க்கத் திருக்கோவிலூர் போயிருந்தபோது, மொட்டைக் குச்சியை மரவள்ளிக் கரணைபோலச் சாண் சாணாக வெட்டி, கொல்லையில் மரவள்ளியோடு வரிசையாக நட்டுவிட்டார். திரும்பி வந்தவரிடம் பெருமையாகவே சொன்னார்: "பட்டுப்போறதுக்குள்ள காப்பாத்தி நட்டுட்டன்."

அன்றோடு பேச்சு நின்றது. தொட்டியில் மிஞ்சிய கட்டை துளிர்த்தால்தான் இனிப் பேச்சு என்று குரோட்டன்ஸிடம் அறிவித்தார் பெரியம்மாள். சோறு ஆன சேதியும் அதன் வழியாகத்தான்: "பசிக்கிறவங்க வந்து துன்னலாமுன்னு சொல்லு." குழம்பில் உப்பு கம்மி என்று வெள்ளையனும் குரோட்டன்ஸிடமே சொல்லப் பழகிவிட்டார். கொல்லையில் நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. விடிந்ததும் முதல் வேலையாக வெள்ளையன் கட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவார். தை மாதம் செடி வாங்க நான் போனபோதெல்லாம் இந்தக் கூத்தைப் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மாசியில் செம்பருத்தி வாங்கப் போனேன். பெரியம்மாள் மேப்பிள் தொட்டியருகே குந்தியிருந்தார். வெட்டுக்குக் கீழே அரிசி அளவில் ஒரு சிவப்புத் துளிர். கொல்லையிலிருந்து வந்த வெள்ளையனின் கையிலிருந்த கத்தியை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்திழுத்து, மெல்ல அந்தத் துளிர்மேல் வைத்தார்.